முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்த பணம்

மகனே,

கவரின் மேல் உன் சென்னை விலாசம் இல்லை என்பதைப் பார்த்ததுமே கவரைக் கீழே போட்டிருப்பாய். எடுத்துப் படி. அந்த விஷயத்துக்கு நிதானமாக வருகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நேற்று உன் அம்மா திண்டிவனம் கடைத்தெருவுக்குப் போய் ஸ்வெட்டர் கேட்டிருக்கிறாள். பங்குனி மாதம், வாசலில் கால் வைத்தால் தோல் உரிகிற வெயில், இவள் போய்க் கம்பளி ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரன் என்ன நினைப்பான்? மேலும் கீழும் பார்த்திருக்கிறான். இவளும் விடவில்லை. கொடைக்கானல் போகிறோம், பையன் கூட்டிக்கொண்டு போகிறான், ஆபீஸ் சம்பளத்தில் கை வைக்காமல் தனியாக உழைத்துச் சேர்த்த காசு என்று அங்கேயே நின்று முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று நீயும் அம்மாவும் சேர்ந்துகொண்டு சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பிறகு செக்கராகி, ரிட்டையர் ஆகிற வரைக்கும் சந்தேகப்பட்டதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நீ இன்ஜினியரிங் படித்தாய். கூட்டேரிப்பட்டில் கைகாட்டி நிறுத்தி ஏறினால், படியில் கால் வைக்கும்போதே டிக்கெட் எடுக்காதவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னல் வழியாகக் கரும்புக் கொல்லையை உற்று உற்றுப் பார்க்கிறவனை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். கெட்டிக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். அவன் தானாகவே பேச்சுக் கொடுப்பான். வெயிலில் வந்து நிற்கிறீர்களே சார், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று பாட்டிலை நீட்டுவான். கேட்காமல் உபசாரம் செய்கிறவனிடம்தான் நான் முதலில் டிக்கெட் கேட்பேன். கார்த்திகை தீபத்துக்கு நீ வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே, சித்திரை மாதம் மூன்று பேரும் கொடைக்கானல் போகிறோம், நீங்கள் ஒரு பைசா எடுக்க வேண்டாம் என்றாய் பார், அன்றைக்கே நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

கொடைக்கானல் என்கிற பேரை உனக்கு அவள்தான் எப்போதாவது சொல்லியிருப்பாள். ஆனால் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன். நீ அப்போது பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பகல்ல போர்வ போத்திக்கினு உக்காந்து டீ குடிக்கணுங்க" என்றாள். மரக்காணம் பக்கத்தில் பிறந்தவள், கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். அவளுக்குக் குளிர் வேண்டியிருந்தது. சரி என்றேன். என் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்ததால் மேற்கொண்டு சம்பாதிக்க வேண்டியிருந்தது. நான் டபுள் டூட்டி பார்த்தேன். தீபத்துக்குத் திருவண்ணாமலை ஸ்பெஷல், கிருத்திகைக்கு மயிலம் ஸ்பெஷல் என்று மற்றவர்கள் தலைமறைவாகிற பஸ்ஸுக்கெல்லாம் நானே வலியப் போய்ப் பேர் கொடுத்தேன். அவள் விதை மல்லாட்டை உரித்தாள், உங்கள் சென்னைக்காரன் வேர்க்கடலை என்கிறானே, அதுதான். மெஷினில் உடைத்தால் பருப்பின் மேல்தோல் போய்விடும், முளைக்காது என்று விதைக்கு எடுப்பதை மட்டும் வீடுகளில் கொடுத்துக் கையால் உரித்து வாங்குவார்கள். உரித்து உரித்துக் கட்டைவிரல் நகக்கண்ணெல்லாம் வெந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் காசெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்ந்தது.

என் தம்பிக்கு, அதுதான் உன் சித்தப்பனுக்கு, எங்கே காசு இருந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும் என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு இறால் பண்ணை வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வருவான், உட்கார்வான், கண் மட்டும் வீடு முழுக்க நடக்கும். அவனுக்காகவே நான் அந்த டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றி, முருகன் படம் ஒட்டி, சாமி மாடத்தில் வைத்தேன். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு சாமியுடையது. நம் பக்கத்தில் எவ்வளவு துணிந்தவனும் அதில் கை வைக்க மாட்டான். அவன் அதையும் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். மயிலம் முருகனுக்கு முடிந்து வைத்திருக்கிறேன், பிள்ளைக்கு வீசிங், அதற்கு வேண்டுதல் என்று கூசாமல் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதி வைத்துக்கொண்டு, கடன் கேட்காமலே போய்விட்டான். எனக்கு ஒரே பெருமை. இப்படிக் காசைக் காப்பாற்ற ஊரில் எவனுக்குத் தெரியும் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் டப்பா கனக்க ஆரம்பித்தது. குறைந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். தம்பி வந்தான், எடுத்தான் என்று முடித்திருப்பேன். கூடினால் யாரைப் பிடிப்பது? நாங்கள் போட்டதற்கு அந்தக் கனம் வராது. இவளுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று எனக்குள் அரிக்க ஆரம்பித்தது. மகளிர் குழுவில் கடன் வாங்கிப் போடுகிறாளா, அம்மா வீட்டில் கையேந்துகிறாளா, எனக்குத் தெரியாமல் வேறு எங்காவது வேலைக்குப் போகிறாளா? அவள் தாலிச் சரடைக்கூடக் கண்ணாலேயே எடை போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் துணியில் எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன். வந்து பார்த்தால் வேறு முடிச்சு. கூப்பிட்டு நிற்க வைத்து, கலெக்ஷன் பையைச் சோதிக்கிற மாதிரி கேள்வி கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"உங்க தம்பிதான் தெரு பூரா சொல்லிட்டாரே. மயிலம் போறீங்களாமே, எங்களுதும் சேத்து உண்டியல்ல போட்ருங்கன்னு ஆளாளுக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க. நான் இன்னான்னு சொல்லித் திருப்பிக் குடுப்பேன்? முருகனாண்ட போவல, கொடைக்கானல் போறோம்னா?"

யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் அந்த ஒரே டப்பாவுக்குள் போய்க் கலந்துவிட்டது. தோராயமாக ஒரு தொகையை, வேண்டுமானால் கொஞ்சம் தாராளமாகவே, மயிலத்தில் போட்டுவிட்டு மீதியை நாம் வைத்துக்கொள்வோம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "புள்ள பேரைச் சொல்லிட்டீங்க. அதுல ஒரு ரூபா கொறஞ்சாலும் அவன் நெஞ்சுலதான் வந்து நிக்கும். நான் மாட்டேங்க" என்றாள். உனக்கு அந்த வாரம் பார்த்து இருமல் வேறு. அடுத்த கிருத்திகைக்கு மூன்று பேரும் மயிலம் மலை ஏறினோம். டப்பாவோடு கவிழ்த்தாள். அத்தனையும் உண்டியலுக்குள் போனது. அப்போதுகூட நான் பின்னால் நின்று, முழுசாகப் போடுகிறாளா, முந்தானையில் ஏதாவது ஒதுக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் புத்தி அப்படி. அவள் ஒதுக்கவில்லை. இறங்கி வரும்போது அடுத்த வருஷம் போவோம் என்றேன், ம் என்றாள். அடுத்த வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றினோம், அதற்கடுத்து உன் ஸ்கூல் பீஸ், அப்புறம் அவளுக்கு ஆபரேஷன். அவள் கொடைக்கானல் என்ற பேரையே எடுக்கவில்லை, அவளுக்கு மறந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அது தப்பு. உன்னிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், காசுக்குப் பொய்ப் பேர் வைத்தால் அது எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆன்லைனில் சனி, ஞாயிறு எக்ஸ்ட்ரா வேலை பார்க்கிறேன் என்றாய். அம்மாவின் போனுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தாய். அது டிங் என்று சத்தம் போடும்போதெல்லாம் அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். எல்லாம் சின்னச் சின்னத் தொகை. ஒரு வாரம் வியாழக்கிழமை வரும், இன்னொரு வாரம் திங்கட்கிழமை வரும், சில வாரம் வரவே வராது. எந்தக் கம்பெனிக்காரன்டா இப்படிக் கூலி கொடுக்கிறான்? கார்த்திகையில் வந்தது. மார்கழி முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஆன்லைன் வேலைக்கு மார்கழியில் என்ன விரதமா? தை பிறந்ததும் மறுபடியும் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. சுவரில் இருந்த காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகூர்த்த நாள் என்று போட்டிருந்த தேதிக்கெல்லாம் மறுநாள் உன் பணம் வந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. கல்யாணத்துக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பெண் பின்னாலாவது மண்டபம் மண்டபமாகச் சுற்றுகிறானா? மொய் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து கைவரிசை காட்டுகிறானா என்றுகூட நினைத்தேன். பெற்ற பிள்ளையை அப்படி நினைப்பார்களா என்று நீ கேட்கலாம். நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் என்னோடு வண்டி ஓட்டிய பழைய டிரைவர், விழுப்புரத்தில் செட்டில் ஆனவர், போன் பண்ணினார். பேச்சோடு பேச்சாக, உன் பையனை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பார்த்தேன், போன முகூர்த்தத்துக்கும் பார்த்த மாதிரி இருந்ததே, சொந்தக்காரங்க கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் ஆமாம் என்று மழுப்பிவிட்டேன். சென்னையில் இருக்கிறவன் விழுப்புரம் வந்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் இருக்கிற வீட்டுக்கு வராமல் போகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை. பென்ஷன் விஷயமாக விழுப்புரம் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

மண்டபத்துக்கு எதிரில் டீக்கடை இருக்கிறதே, அங்கே நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்தாய். "அப்பா, ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்பா" என்றாய். உன் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தார்கள். அதே நாதஸ்வரம் எதிரில் மண்டபத்து ஸ்பீக்கரிலும் கேட்டது. கெட்டிமேளம் கொட்டியபோது என் இரண்டு காதிலும் சேர்ந்து கொட்டியது. போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். பத்திரிகை இல்லாதவன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்து வணங்கினார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீடு என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். மொய் மேஜையை முதலில் பார்த்தேன், நீ இல்லை. மேடையில் இல்லை, போட்டோ பிடிக்கிறவர்களோடும் இல்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு தொப்பி, கையில் சாம்பாரும் வத்தக்குழம்புமாக இரட்டை வாளி. வரிசையின் அந்தக் கோடியில் இருந்து நீ வந்துகொண்டிருந்தாய். எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால், இலையில் சோறு விழுந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பந்தியில் பரிமாறுகிறவன் இலையைத்தான் பார்க்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "சாம்பாரா சார், வத்தக்கொழம்பா?" என்று கேட்டாய். என் குரல் உனக்குத் தெரிந்துவிடுமே என்று சாம்பார் வாளியைக் கையால் காட்டினேன். சோற்றில் குழி பண்ணுவதற்குள் ஊற்றினாய். உன் மணிக்கட்டில் ஆவி பட்டுத் தோல் வழன்றிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் என்னங்க என்றார், சாம்பார் காரம் என்றேன். அவர் உன்னைக் கூப்பிட்டுப் பெரியவருக்கு மோர் கொண்டு வா என்று சொல்லப் போனார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கை கழுவுகிற இடத்தில் உங்கள் சமையல் கான்ட்ராக்டரின் மேஸ்திரி நின்றிருந்தார். நான் ஏதோ கல்யாண வீட்டுக்காரன் மாதிரி, அந்த உயரமான பையன் நன்றாகப் பரிமாறுகிறான், காலேஜ் பையனா என்று கேட்டேன். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "இல்லீங்க சார், இன்ஜினியரு. மெட்ராஸ்ல கம்பெனில ஆள கொறச்சிட்டாங்களாம். தீபாவளி முடிஞ்சி இங்க வந்தான். நம்ம பசங்களோட ரூம்லதான் இருக்கான். வூட்ல தெரியாதாம் சார், பாவம். சொல்லுடான்னா கேக்க மாட்டேன்றான்." அவரிடம்தான் அந்த ரூம் விலாசத்தை, ஒரு விசேஷத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். கவர் மேல் இருப்பது அதுதான். அவர் மேல் கோபப்படாதே. நான் கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் எனக்கு ஒரே எண்ணம்தான். தீபாவளிக்கு வேலை போயிருக்கிறது, கொடைக்கானல் பேச்சை எடுத்தது கார்த்திகை தீபத்துக்கு. அதாவது கையில் வேலை இல்லாதபோதுதான் எங்களை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். ஏன்? அம்மாவின் ஆசைக்காக என்று நீ சொல்வாய், அதில் பாதி உண்மையும் இருக்கும். மீதிப் பாதி எனக்குத் தெரியும். சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கிறவனுக்கு வேலை போயிருக்கும் என்று எந்த அப்பன் நினைப்பான்? தண்ணீர் பாட்டிலை நீட்டினாய் மகனே. சம்பளத்தில் கை வைக்காமல் மேற்கொண்டு சம்பாதித்தது என்றாய், சம்பளமே இல்லையே. நீ அனுப்பியது உன் வாடகை, உன் சாப்பாடு. நாங்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு டிங்கும் உன் வயிற்றில் இருந்து எடுத்தது. இன்னும் என் சந்தேகம் தீரவில்லை. போனில் கடன் கொடுக்கிற ஆப் எதிலாவது மாட்டியிருக்கிறாயா? அந்த ஆட்கள் மிரட்டுகிறார்களா? சென்னை ரூம் அட்வான்ஸ் என்ன ஆயிற்று? நேரில் வந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஒன்றைக்கூட நான் சும்மா நம்ப மாட்டேன்.

பரிமாறுகிறாய் என்று எனக்கு வெட்கமா? சத்தியமாக இல்லை. நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சில்லறை பொறுக்கியவன், அம்மா மல்லாட்டை உரித்தவள், நமக்கு எந்த வேலையும் கேவலம் இல்லை. வயதான ஒரு அம்மாளின் இலைக்குக் குனிந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று நீ கேட்டதையும் பார்த்தேன். சிந்தாமல் ஊற்றுகிறாய். அது ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை போய் விழுப்புரம் வரைக்கும் போனவனுக்கு, ஒரு மணி நேரம் முன்னாலேயே திண்டிவனத்தில் இறங்கினால் வீடு என்று தோன்றவில்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பன் துருவித் துருவிக் கேட்பான் என்று பயந்திருப்பாய். கேட்டிருப்பேன்தான். கேட்டுவிட்டுச் சோறு போடச் சொல்லியிருப்பேன்.

அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன், அதை நீதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கொடைக்கானல் போகலாமா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். என் பென்ஷனில் போகலாம் என்பாளோ, இந்த வருஷம் வேண்டாம் என்பாளோ, அவள் வாயால் வரட்டும். தெரியாமல் மட்டும் அவளை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. ஒரே ஊரின் பேரைச் சொல்லி முதலில் புருஷன் ஏமாற்றினான், இப்போது பிள்ளையும் ஏமாற்றினான் என்று ஆகக் கூடாது. இரண்டாவது தடவையை அவள் தாங்க மாட்டாள்.

அடுத்த முகூர்த்தம் வருகிற வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து சேர். வரவில்லை என்றால், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லி உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பந்தியில் உட்காருவேன். அவள் என்னைப் போல் குனிந்துகொள்ள மாட்டாள். தன் இலையில் சோறு போடுகிறவன் யாராக இருந்தாலும், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள்.

அப்பா